வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். சீருடைப் புடவை ஒன்று ஈரம், இன்னொன்றில் நேற்றைய சேறு. சேற்றுப் புடவையையே கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஆண்களுக்கான கருத்தடை முகாம். இந்த வாரம் கிராமத்து நர்ஸ்களான எங்களுக்கெல்லாம் அதுதான் வேலை. மீன்சுருட்டி டீக்கடையில் நோட்டீஸ் கொடுத்தேன். "கத்தி கிடையாது, தையல் கிடையாது. அன்னிக்கே நடந்து வீட்டுக்குப் போயிடலாங்க." வாங்கியவர்கள் அதில் வடை எண்ணெயைத் துடைத்தார்கள். பெஞ்சில் இருந்த ஒருவர், "நர்சம்மா, மொதல்ல உங்க வூட்டுக்காரரக் கூட்டிட்டுப் போங்க. நாங்க பின்னாலயே வரோம்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

மதியம் சுகாதார சப்-சென்டருக்குப் பரிமளா வந்தாள் (இனி ப.). முந்திரி உடைக்கப் போகிறவள். விரலெல்லாம் முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுப்பு. மூன்று பெண் குழந்தைகள், கடைசி இன்னும் பால் குடிக்கிறது. இன்னொன்று வேண்டாம், ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று தனியாக வந்திருந்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா."

"வரேன்னுதான்க்கா சொல்றாரு. மாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. வரத்தான் மாட்டேங்கறாரு."

சட்டப்படி அவன் வரத் தேவையே இல்லை. எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். நாளைக்குப் புருஷன் வந்து சண்டை போட்டால் யார் பதில் சொல்வது? அதனால் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். அனுப்பிவிட்டேன். குடையை மறந்து வைத்துவிட்டு மழையிலேயே போனாள்.

வாங்க வேண்டியவை: துவரம் பருப்பு, பாப்பாவுக்கு கிராஃப் நோட்டு, அத்தைக்கு மூட்டுவலித் தைலம்.

நவம்பர் 19, புதன்

மழை விட்டது. கொசு.

நேற்று சாப்பிடும்போது டீக்கடைக் கதையை இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன். சிரிக்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டார். இன்று காலை ஷேவ் செய்துகொண்டே, "வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு விட்டுடறேன்" என்றார்.

"எதுக்கு?"

"உன் முகாமுக்குத்தான்."

கையில் இட்லித் தட்டு. அதை மேடையில் வைத்தேன்.

எனக்கு இரண்டும் சிசேரியன். இரண்டாவதிலேயே கருத்தடையும் செய்திருக்க வேண்டியது. பாப்பாவுக்குத் தம்பி பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டான், பிழைப்பானா என்று தெரியாமல் யாரும் அதைப் பேசவில்லை. பிறகு கருப்பையில் லூப் வைத்துக்கொண்டேன். அது ஒத்துக்கொள்ளாமல் போன மாதம் எடுத்தாகிவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் நான் ஆபரேஷன் செய்துகொள்வதாக முடிவு. அதாவது என் முடிவு. இவரிடம் தேதி மட்டும் சொன்னேன், கூட வர வேண்டும் என்பதால்.

"ஒனக்கு ஏற்கெனவே ரெண்டு தடவ கிழிச்சாச்சு. மூணாவது எதுக்கு?" என்கிறார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? கோபம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து அத்தை கேட்டுவிட்டார். "போர்வெல்லேருந்து மோட்டார் தூக்கற புள்ள. நரம்பு விட்டுப் போச்சுன்னா யாரு தூக்கறது? நீயா வந்து தூக்குவ?"

இந்தக் கேள்விக்கு ஊரெல்லாம் பதில் சொல்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். என் வீட்டில் வாய் வரவில்லை. அதைவிட மோசம், ஒருவேளை அத்தை சொல்வது நிஜமாக இருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நானே.

நவம்பர் 20, வியாழன்

வெயில். இரண்டு புடவையும் காய்ந்தன.

இவர் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். இனிமேல் பயமில்லை என்று எங்காவது யாரோடாவது... சீ. இருந்தவை எல்லாம் கடைக்கு ரிப்பேருக்கு வந்த, எரிந்துபோன மோட்டார் காயில் படங்கள். ஒரே ஒரு படத்தில் நான், தூங்கிக்கொண்டு, வாய் திறந்து. எப்போது எடுத்தாரோ.

மேற்பார்வை நர்ஸ் போனில்: "உங்க வீட்டுக்காரரா? அப்ப ஒரு கேஸ் உறுதி!" சுருக்கென்றது. என் புருஷன் ஒரு கேஸா? ஆனால் நானும் எல்லோரையும் கேஸ் என்றுதான் சொல்கிறேன். ப.வையும்.

குடை இருப்பதைச் சொல்ல ப.வுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள் புருஷன். அந்த வீட்டுக்கு ஒரே போன், அது அவன் சட்டைப் பையில். "வரோம் சிஸ்டர். கண்டிப்பா வரோம்." அவ்வளவு மரியாதை. கோபித்துக்கொள்ள ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இவரிடம் சாயங்காலம் பாடம் சொன்னேன். இரண்டு நாள் வெயிட் தூக்கக் கூடாது. உடனே பலன் இல்லை, மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஊர் ஆண்களிடம் கூசாமல் சொல்வேன். இவரிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

மறுபடி மழை. இவர் வெளுத்த வேட்டி, விபூதி. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. அத்தை கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்ஸில் என் பதிலைத் தயார் செய்துகொண்டே போனேன். ஆண்கள் முகாமுக்கு நான் இதுவரை யாரையும் கூட்டிப் போனதில்லை; மனைவிக்குச் சம்மதமா என்று கேட்பார்களே. சம்மதம் என்று சொல்வதா, கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதா? ஆஸ்பத்திரி வாசல் வரை முடிவாகவில்லை.

டாக்டர் இவரிடம் கேட்டார். எத்தனை குழந்தை, கடைசிக்கு என்ன வயது, சுகர், பிரஷர். "சரி, உள்ள போங்க."

அவ்வளவுதானா? நான் எழுந்து நின்றேன். "டாக்டர், நான் அவரோட வைஃப்."

"தெரியுமேம்மா. உங்க கேஸ்தானே? வெளிய உட்காருங்க."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாமா?"

"உங்ககிட்ட என்ன கேக்கணும்?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும் வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. இதே பெஞ்சில் எத்தனை பெண்களை உட்கார வைத்து, அவர் வந்துட்டாரா, அவர் வந்துட்டாரா என்று கேட்டிருக்கிறேன்.

சீக்கிரமே வந்துவிட்டார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

ஆட்டோவில் கேட்டேன். "நான் வேணாம்னு சொல்லியிருந்தா?"

யோசித்தார். "நீ வேணாம்பன்னு எனக்குத் தோணவே இல்லியே."

எனக்காகத்தான் செய்தார். என்னைக் கேட்காமல்தான் செய்தார். இரண்டும் நிஜம். எதற்கு அழுவது என்று தெரியாமல் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

மூட்டம். ஆட்டுக்கால் சூப்.

இவர் கட்டிலில் மாப்பிள்ளை மாதிரி. அத்தை இரண்டு வேளையும் சூப் வைத்துக் கொடுக்கிறார், என்னிடம் பேசுவதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு ஜுரம் என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தவள் தலையாட்டினேன்.

"என்ன ஜுரம்? நாளைக்கு நானே மீன்சுருட்டி டீக்கடையில போய்ச் சொல்லிக்கறேன்" என்கிறார் இவர். சொல்வாரோ, மாட்டாரோ.

பிடித்திருக்கிறது இவரை. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் வெயில், பிறகு தூறல். தைலம் மறுபடி வாங்கவில்லை.

சொல்லியேவிட்டார்! பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒருவன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். பின்னாலேயே வருகிறேன் என்றவரைக் காணவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு முந்திரி ஷெட்டுக்குப் போனேன். ப. எண்ணெய் விரலில் ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள், குழந்தை பக்கத்தில் சாக்கில் தூக்கம். நாளை செவ்வாய், பெண்களுக்கு ஆபரேஷன் செய்கிற நாள்.

"நாளைக்கு வா. நீ மட்டும் வந்தாப் போதும்."

"அவரு வராம முடியாதுன்னீங்களேக்கா?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"டாக்டரு கேட்டா?"

"நான் கூட நிக்கறேன். பேசிக்கறேன்."

என்ன பேசப் போகிறேன்? டாக்டர் முடியாது என்றால்? அந்த மரியாதைக்காரன் நாளை மறுநாள் சப்-சென்டர் வாசலில் வந்து நின்றால்? குடையை மடக்கி விரித்தேன்.

ப. உடைப்பதை நிறுத்தினாள். "ஒங்க வூட்டுக்காரரு செஞ்சுக்கிட்டாராமே, நெசமாக்கா?"

"ஆமா."

"அதுக்கு நீங்க சரின்னு சொல்லணும்னாங்களா?"

"இல்ல. என்னை யாரும் கேக்கல."

என்னையே பார்த்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு குடையை வாங்கினாள்.

"காலையில எத்தன மணி பஸ்ஸுக்கு வரட்டும்?"