முழங்கை உயரம்

பசுமலை,
9.6.2024

அன்புள்ள பாண்டிராஜுக்கு,

இங்கு நானும் உன் அத்தையும் நலம். ஓசூரில் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு' என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஏழு வருஷம் நீ என் மகளின் கணவன். அதற்கு முன்பே என் அக்கா மகன். இப்போது எப்படி அழைப்பது என்று கை தயங்கியது. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் நாம் மாறி மாறி 'ம்' கொட்டிக்கொண்டுதான் இருப்போம். கடிதம் என்றால் தபால்காரர் உன் கையிலேயே கொடுத்துவிடுவார். கட் பண்ண முடியாது.

விஷயம் இதுதான். போன வாரக் காற்றில் முருங்கைக் கிளை முறிந்து தோட்டத்துக் கொட்டகைமேல் விழுந்துவிட்டது. கூரையில் பாதி போச்சு. கதவு நிலையைக் கரையான் ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. இடித்துத் தள்ளலாம் என்கிறாள் அத்தை. எனக்கு அதைச் சரிசெய்து சின்னதாக ஒரு பட்டறை ஆக்கலாமே என்று யோசனை. பக்கத்து ஆரம்பப் பள்ளியில் பாதி பெஞ்சுகள் ஆடுகின்றன. பெஞ்சு ஆடினால் பிள்ளையின் கையெழுத்தும் ஆடும். நான் சும்மா உட்கார்ந்து காலாட்டுவதற்குப் பதில் அந்தப் பெஞ்சுகளின் ஆட்டத்தை நிறுத்தலாம்.

"அறுபத்தாறு வயசுல ஆசாரி வேலையா? வெரலு பத்தும் இருக்கட்டுங்க, சோறு திங்கணும்ல" என்கிறாள் உன் அத்தை.

கொட்டகையில் உன் சாமான்கள் இருந்தன. கல்யாணமான புதிதில் சொந்தப் பட்டறை போடப்போகிறேன் என்று நீ வாங்கிப்போட்ட, சாமானைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸ், டிரில்லிங் மெஷின், ஸ்பானர் பெட்டி. நீயும் சரண்யாவும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த அன்று இவற்றைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். துரு ஏறவில்லை. எடுத்துப் போகிறாயா, நான் பயன்படுத்திக்கொள்ளட்டுமா? ஒரு வரி எழுது.

நல்லகாமன்

*

ஓசூர்,
23.6.2024

மதிப்பிற்குரிய சார்,

கடிதம் கிடைத்தது. சாமான்களை நீங்களே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். தகடுகளைச் சுத்தியலால் தட்டி உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேலே ஏற வேண்டாம்.

வைஸை வேலை மேசையின் நடுவில் பொருத்தாதீர்கள். ஒரு காலுக்கு நேர் மேலே இருக்கட்டும். அப்போதுதான் தட்டும் அடி தரைக்கு இறங்கும், மேசை அதிராது. வைஸின் மேல் விளிம்பு வேலை செய்பவரின் முழங்கைக்கு நேராக வர வேண்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு வலிக்கும். உங்கள் அளவை எழுதினால் வரைபடம் போட்டு அனுப்புகிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

பாண்டிராஜ்

*

பசுமலை,
7.7.2024

அன்புள்ள பாண்டிராஜுக்கு,

'சார்' என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் எத்தனையோ பேர் என்னை அழைத்த சொல்தான். உன் கையெழுத்தில் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது. போகட்டும்.

நீ சொன்னபடியே தகடுகளை நனைத்து இறக்கினோம். நான் கீழே நின்று சத்தம் மட்டும் போட்டேன். இப்போது மேலே ஓடு. உச்சியில் சூடு வெளியேற இடைவெளி விடச் சொன்னேன். கொத்தனார், "மழை வந்தா என்ன சார் செய்வீங்க?" என்றார். இட்லிக் கொப்பரை மூடியில் ஏன் ஓட்டை இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இடைவெளி விட்டு, மழைக்கு அதன்மேல் ஒரு தொப்பியும் வைத்துவிட்டார். ஐப்பசியில் தெருத் தண்ணீர் உள்ளே வராதபடி தரையை ஓரடி உயர்த்தியாயிற்று. வடக்கே ஜன்னல்: வெளிச்சம் வரும், வெயில் வராது. வயரிங் வேலைக்கு அவனியாபுரத்திலிருந்து உன் சிநேகிதன் ராம்கி வந்தான்.

உன் வரைபடத்துக்குக் காத்திருக்காமல் மேசையையும் முடித்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் இடித்த பழைய வீட்டிலிருந்து கிடைத்த வேங்கைச் சட்டங்கள்தான் கால்கள். வைஸ் காலுக்கு நேர் மேலேயே இருக்கிறது. தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு மூன்றடி எட்டு அங்குலம். சரிதானா என்று பார்த்துச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எழுதினால் அத்தைக்கும் வாசித்துக் காட்டுவேன்.

நல்லகாமன்

*

ஓசூர்,
21.7.2024

சார்,

அளவைப் பார்த்தேன். சரியில்லை. கல்யாணப் போட்டோவில் நீங்கள் என் காதுக்குக் கீழே நிற்கிறீர்கள். உங்கள் முழங்கை மூன்றடி நாலு அங்குலத்தைத் தாண்டாது. மூன்றடி எட்டு என்னுடைய அளவு.

இதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ராம்கியே போன் செய்தான்.

"மாப்ள, ஒயர் இழுக்கப் போனவன உங்க மாமா செவுத்தோட நிக்கவச்சு டேப்ப வச்சு மொழங்கைய அளக்குறாருடா. எதுக்கு சார்னு கேட்டா, 'நீயும் ராஜுவும் ஒரே ஒசரந்தானப்பா'ங்கிறாரு. பட்டறை அவருக்கா, ஒனக்கா?"

அவனுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராகவே கேட்கிறேன். பட்டறை போட்டால் நான் வருவேன், நான் வந்தால் சரண்யா வருவாள், பழையபடி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? எலிப்பொறியில் மசால்வடை வைப்பதுபோல் இருக்கிறது. சரண்யாவிடம் கேட்டீர்களா? நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை, களைத்துப்போய்ப் பிரிந்தோம். மறுபடி தொடங்கும் தெம்பு எங்கள் இருவருக்கும் இல்லை. அதுதான் உங்கள் எண்ணம் என்றால் இனி எழுத வேண்டாம்.

பாண்டிராஜ்

*

பசுமலை,
4.8.2024

அன்புள்ள ராஜுவுக்கு,

நீ கேட்டது நியாயம். கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாக் கேட்டான். நானும் இதத்தான் அன்னைக்கிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அந்த ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். கிளை விழுந்த அன்றைக்குக்கூட இருந்தது. ஆனால் சரண்யாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் சென்னைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அப்பா, எனக்கும் அவனுக்கும் ஒத்துவரல, முடிஞ்சுபோச்சு. அதுக்காக உங்களுக்கு அக்கா மகன் இல்லன்னு ஆயிருமா? தாராளமாக் கூப்பிடுங்க. ஆனா எங்க ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வைக்கலாம்னு ஏதாச்சும் கணக்குப் போட்டீங்க, பொங்கலுக்குக்கூட நான் வர மாட்டேன், சொல்லிட்டேன்."

அந்தக் கணக்கை அழித்துவிட்டேன், ராஜு. அவளுக்குக் கொடுத்த வாக்கை உனக்கும் கொடுக்கிறேன்.

ஆனால் அதை அழித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. செயின் அறுந்த சைக்கிளை ஓட்ட முடியாது, உருட்டிக்கொண்டு போகலாம். கூட ஒருவர் இருந்தால் பேசிக்கொண்டே நடக்கலாம். கோர்ட்டுக்குப் போய்வந்த பிறகு நீ வரவில்லை. அக்கா திதிக்குக்கூட எங்கோ தனியாகப் போய்ச் செய்துவிட்டாய் என்று ராம்கி சொல்லித்தான் தெரியும். நான் ராம்கியை அளந்தது அதற்காகத்தான். நீ நின்று வேலை செய்ய இந்த வீட்டில் ஓர் இடம் இருந்தால் வருவாய் என்று நினைத்தேன்.

மேசையைப் பற்றி நீ சொன்னது உண்மை. வைஸ் என் மார்புக்கு வருகிறது. ஒரே ஒரு பெஞ்சுக் கால்தான் இழைத்தேன். இரண்டு நாளாக அத்தை தோளுக்குத் தைலம் தேய்க்கிறாள், திட்டிக்கொண்டே. ரம்பத்தைத் தீட்டி வைத்திருக்கிறேன். நாலு அங்குலம் அறுத்துவிடட்டுமா? அறுத்த காலை ஒட்டவைக்க முடியாது என்பதால் கேட்கிறேன். அறுக்கச் சொன்னால் வருத்தம் இல்லை. நீ வரப்போவதில்லை என்று புரிந்துகொண்டு, என் உயரத்தில் நின்று பெஞ்சு செய்துகொண்டிருப்பேன். ஆவணி முடியும்வரை ரம்பத்தைத் தொட மாட்டேன்.

உன் மாமா,
நல்லகாமன்

*

ஓசூர்,
25.8.2024

மாமா,

உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் மட்டும்தான் கிழிப்பீர்களா?

நேற்று சரண்யாவுக்குப் போன் செய்தேன். பிரிந்த பிறகு இதுதான் முதல் தடவை. இரண்டு நிமிஷம் பேசியிருப்போம். நான் வந்தால் அவளுக்குச் சங்கடமா என்று கேட்டேன். "அப்பா தோளப் புடிச்சுக்கிட்டுத் திரியிறாராம். மொதல்ல போயி அந்த மேசைய என்னன்னு பாரு" என்றாள். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு நாள் லீவு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி நானே வந்துவிடுவேன்; நீங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். வேலையை விடப்போவதில்லை, அங்கேயே தங்கவும் முடியாது. லீவு கிடைக்கும்போது வாரேன்.

ஆடும் பெஞ்சுகளில் இரண்டை வாங்கி வையுங்கள். முதலில் எது ஆடுகிறது, காலா, மூட்டா என்று பார்க்கலாம்.

மேசைக் கால்களை அறுக்க வேண்டாம். எங்கள் கம்பெனியில் உயரம் குறைந்தவர்கள் மெஷினுக்கு முன்னால் ஒரு பலகை மேடை போட்டு, அதில் ஏறி நின்றுதான் வேலை செய்வார்கள். மெஷினை யாரும் அறுப்பதில்லை. உங்களுக்கு நாலு அங்குல உயரத்தில் அப்படி ஒன்று செய்து கொண்டுவருகிறேன். நான் வேலை செய்யும்போது அதைச் சுவரோரம் சாய்த்து வைப்போம். நான் பஸ் ஏறிய பிறகு நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகன்,
ராஜு