மறைக்காமல் விட்ட வரி

செவ்வாய், இரவு

ஸ்டீபனைக் கட்டிக்கொண்டதற்காக என்னை நடத்தை கெட்டவள் என்று படத்தோடு எழுதிய வெப்சைட் யாருடையது என்று இன்று தேடினேன். அதன் இணைய முகவரிக்கான டொமைன் பதிவில் வாங்கியவரின் பெயர், முகவரி, போன் எல்லாமே மறைத்திருந்தது. ஊரறிய என்னைக் கேவலப்படுத்துகிறவனுக்கு இத்தனை பாதுகாப்பா என்று வயிறு எரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டில் என்னோடு பேசுவது அண்ணன் மட்டும்தான். "எவனோ செஞ்சுபோட்டான், உட்டுப்போடு அம்மணி" என்று நேற்றுகூட போனில் சொன்னார். அந்த ஒரு குரலுக்காக அழுதேன்.

பதிவில் வாங்கிய நிறுவனத்தின் பெயர் மட்டும் மறையாமல் இருந்தது. எதை வாங்கினாலும் ஜிஎஸ்டிக்காக எங்கள் பட்டறை பெயரிலேயே பில் போடுவார் அண்ணன். இதற்கும் அப்படியே போட்டிருக்கிறார்.

கணபதி பகுதியில் இருக்கும் அந்தப் பட்டறையை நான் பிறந்தபோது அப்பா தொடங்கினார். என் பெயரைத்தான் வைத்தார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று ஸ்டீபன் சமையலறையிலிருந்து கேட்டார்.

லேப்டாப்பை மூடினேன்.

"இல்லீங்க. எல்லாத்தையும் மறைச்சுப்போட்டாங்க."