ஏழு நோபோல்

ரொறன்ரோ
27.9.1998

அன்பு மகன் கிருபனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாலு வருடமாக நீ பதில் போடவில்லை. இதையாவது முழுதாக வாசி. வவுனியா ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டு யோசப் மாஸ்டர் போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஷெல் பட்டு வலக்கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்களாம். அம்மாவிடம், உனக்குக் காயம் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

எனக்கு இப்போதும் பேஸ்போல் மைதானத்தில்தான் துப்புரவு வேலை. ஜப்பானிலிருந்து வந்த தகேமுரா என்ற பந்து எறிகாரனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். தன் நாட்டில் பத்து வருடம் கொடிகட்டிப் பறந்தவன். வெளிநாட்டில் ஆடப் போகிறேன் என்றதும் துரோகி என்றார்களாம். பந்து பழக்கிய தகப்பனே அவனோடு கதைப்பதை விட்டுவிட்டாராம். இங்கே முதல் வருடம் சனம் எழுந்து நின்று கை தட்டியது.

அவன் எறிவதை முதல்முறை பார்த்தபோது முழங்கை மடங்குவதுதான் என் கண்ணில் பட்டது. வாளியை வைத்துவிட்டு, நோபோல் என்று கையை நீட்டிவிட்டேன். கூட வேலை செய்யும் ஜெயரட்ணம், "அண்ணை, உது கிரிக்கெற் இல்லை, இஞ்சை எறியத்தான் வேணும்" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

உன் கடைசிப் பள்ளிக்கூட ஆட்டத்தில் நடுவராக நின்று, நீ வீசவில்லை, எறிகிறாய் என்று ஏழு பந்துக்கு நீட்டிய கை அது. மகனென்றும் பார்க்காத நடுவர் என்று ஊர் மெச்சியது. எனக்கும் அது பிடித்திருந்தது. நீ பந்தை என் காலடியில் போட்டுவிட்டுப் போனாய். நாங்கள் கனடாவுக்குக் கிளம்பியபோது, அப்பா இருக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாய். வந்திருந்தால் உன் கை உன்னோடு இருந்திருக்கும்.

தகேமுராவுக்கும் இரண்டாம் வருடம் தோள் போய்விட்டது. சின்னக் கழகத்துக்கு அனுப்பினார்கள். இப்போது ஒரேயடியாகப் போகச் சொல்லிவிட்டார்கள். போன கிழமை சாமான்களை எடுக்க வந்தான். பையைத் தூக்கிக் கொடுத்தேன். விமான நிலையத்துக்குத் தகப்பன் வருவாரா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். அவன் இங்கே ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் பார்க்கவில்லையாம். அந்த மனிசனை வாயில் வந்தபடி தமிழில் ஏசினேன். ஏசி முடிந்த பிறகுதான் என்னையே ஏசியிருக்கிறேன் என்று விளங்கியது.

மகன், உன் முழங்கை மடங்கியது உண்மைதான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தரம் காட்டிவிட்டு, உங்கள் கப்டனிடம் மெல்லச் சொல்லியிருக்கலாம். ஏழு தரம் தேவையில்லை.

நீ இடக்கையால் எழுதப் பழகுகிறாயாம். எழுத்துக் கோணலாக வருகிறதென்று கிழித்து எறிகிறாயாம். யோசப் மாஸ்டர் எழுதியிருக்கிறார். கிழிக்காதே ராசா. ஒரு வரி போதும். எவ்வளவு கோணினாலும் அனுப்பு. அப்பா இனிக் கை நீட்டமாட்டேன்.

தபால் பெட்டியைப் பார்த்தபடி,
உன் அப்பா
நவரட்ணம்