வசவு வாங்கும் கீர்த்திகா

கோயம்புத்தூர்

ஆத்தாவுக்கு காளீஸ்வரி எழுதுறது. நான் நல்லாருக்கேன், கம்பெனியில லீவு குடுத்துட்டாங்க. உனக்கு முட்டிவலி தேவலையா? மலையில டவர் இல்லைன்னுதான் எழுதுறேன், ஜீப்பு ஓட்டுற ஒச்சப்பன் அண்ணே கொண்டாந்து குடுப்பாரு.

புற்றுநோய் வார்டுல பக்கத்துக் கட்டில் கீர்த்திகாவுக்கு என் வயசுதான். பேசிப் பழகுனா ரெண்டு பேருக்கும் தெம்பா இருக்கும்னு நர்சு சொல்றாங்க. எனக்கு அவளைப் பாத்தாலே வயிறு எரியுது. அவ அம்மா கூடவே உக்காந்து நாள் முழுக்க அவளை வையுறாங்க. நேத்து அவ கஞ்சியத் தள்ளிவிட்டதும், "கொழுப்புடி உனக்கு"ன்னு வஞ்சுட்டு, கிண்ணத்த எங்கிட்ட நீட்டுனாங்க. எனக்கும் ரெண்டு வசவு விழட்டுமேன்னு வேணாம்னேன். "சரி கண்ணு, முடிஞ்சப்போ குடி"ன்னு பதமாச் சொல்லிட்டாங்க. நீ போன்ல பேசுற மாதிரியே.

ஏலக்கா எடுக்குற சோலிய விட்டுட்டு நீ வர வேணாம். உன் தலைத்துண்டு ஒண்ணு குடுத்து விடு, மொட்டைத்தலை குளுருது. துவைச்சிராத, வாசம் போயிரும்.

ஊசி போட வர்றாங்க, வெரசா முடிக்கிறேன். நோவு வந்ததுல இருந்து நீ என்னைய ஒரு தடவகூட வையல. ஞாயித்துக்கிழம போடிக்கு இறங்குனதும் போன் பண்ணு. ஸ்பீக்கர்ல போடுறேன். கீர்த்திகாவுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வையி, ஆத்தா.

காளீஸ்வரி