கணக்குப்படி நீதான் ஆரோக்கியசாலி

தைல வாசனைதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் சட்டையில் எப்போதும் வருமே, அதே நெடி. எதற்கடா இவ்வளவு தேய்க்கிறாய் என்றால், "சும்மா வாசனைக்கு மச்சான்" என்பாய்.

தேர்வு எனக்கில்லை. ஆள் எடுக்கிற குழுவில் நானும் ஒருவன். சிரிக்காதே. அம்பத்தூரில் ஒரு ஆய்வு மையம். பொருளாதாரம் படித்த ஆராய்ச்சியாளர் ஒருவர் வேண்டுமாம். யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு என்ன நோய், ஒருத்தனுக்குக் கிடைக்கிற வைத்தியம் இன்னொருத்தனுக்கு ஏன் கிடைப்பதில்லை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மருத்துவ முகாம் எங்கே என்று முடிவு செய்வார்கள். தொழிலாளி ஒருவரும் குழுவில் இருக்கட்டும் என்று, ஆவடி ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற என்னைப் பிடித்துப் போட்டார்கள். இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில் நான். பேசியதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதிதான் என்னைக் குழப்பியது.

முதலில் வந்த பையன் கெட்டிக்காரன். திரையில் இரண்டு கோடுகள் காட்டினான். நிரந்தர வேலைக்காரர்களின் கோடு மேலே போனது; அவர்களுக்கு நோய் அதிகமாம். கான்ட்ராக்ட் ஆட்களின் கோடு கீழேயே கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரை, பிரஷர், கண் என்று நிரந்தர வேலையில் இருந்த என் ஒவ்வொரு கோளாறையும் ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாடியில் ஒரு பட்டறையில் கான்ட்ராக்ட் ஆளாக இரும்பைத் தேய்த்துத் தேய்த்துத் தூளைத் தின்ற உனக்கு ஒரு டாக்டர் சீட்டுகூடக் கிடையாது. கணக்குப்படி நீதான் ஆரோக்கியசாலி. அந்த ஆரோக்கியசாலி போய்ச் சேர்ந்துவிட்டான். நோயாளி ஏசி அறையில் பிஸ்கட் தின்கிறான்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கே போவாதவன் இதுல எங்கப்பா வருவான்?" என்றேன்.

"டேட்டால இல்லாதவங்கள நான் எப்படி சார் சேர்க்க முடியும்?"

திமிராகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

அடுத்து தைலம் தேய்த்த பெண். ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ் மாறி வந்தவள். அவளிடமும் அதையே கேட்டேன். "ஊடு ஊடா போயி கேக்கணும் சார். வேலைய உட்டு நின்னவங்களையும் கேக்கணும். நாளாவும்" என்றாள். ஒரு பேராசிரியருக்கு அவளைப் பிடித்துப்போனது. இன்னொருவர் முகம் சுளித்தார். பையனை எடுத்தால் இந்த வருடமே முகாம் போடலாம், நாலு பேருக்காவது மருந்து போய்ச் சேரும் என்றார். அதுவும் நியாயம்தானே? ஆக, முடிவு என் தலையில் வந்து விழுந்தது.

எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. அவள் உன் வீட்டுக்கே வந்திருந்தாலும் நீ என்ன சொல்லியிருப்பாய்? நான் கேட்காத நாளா? டீக்கடையில் இருமிக்கொண்டே, "எனக்கு இன்னா மச்சான், கல்லு மாரி கீறேன்" என்பாய். இருமுகிறவன் என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டான், சரி. என்னிடம் எதற்கடா மறைத்தாய்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீ சொன்னதை எழுதினால் அவள் கணக்கும் தப்புதான்.

"நல்லா கீறேன்னு பொய் சொன்னா இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தெரியல சார். வேற எப்படி கேட்டா சொல்லுவாங்க?"

வேலை கேட்டு வந்தவள் என்னைக் கேட்கிறாள். உன் சாவு வீட்டில் உன் பெண்டாட்டி அழுதுகொண்டே சொன்னது அப்போதுதான் என் வாயில் வந்தது. "அவர கேக்காதம்மா. ஊட்டுக்காரம்மாவ கேளு. படுத்து தூங்குறாரா, செவுத்துல சாஞ்சி உக்காந்துகினு தூங்குறாரான்னு கேளு."

படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கடைசி ஒரு வருடம் நீ படுக்கவே இல்லையாமே.

அவளுக்குத்தான் என் ஓட்டைப் போட்டேன். சரியா தப்பா, தெரியாது. இந்த வருடம் மருந்து கிடைத்திருக்க வேண்டிய யாரோ ஒருத்தன் என்னைத் திட்டலாம். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் மூச்சு சீராக வருகிறது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை, மச்சான்.