சொல்லாமல் வந்தவர்

உங்களுக்கு,

மணிகூட அடிக்காமல், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த ஆளுக்கு நான் ஏன் நாற்காலி எடுத்துப் போட்டேன்?

வந்தவர் வீட்டுத் தரகர். உரிமையாளரை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் இவர் வழியாகத்தான். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கம்மா. தனியாளா இருக்கீங்க, எதுக்கு வம்பு?" என்றார், படுக்கையறையை எட்டிப் பார்த்தபடி.

"தனியா இல்ல. என் கணவர் வெளியூர் போயிருக்கார்" என்றேன். நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும், உங்களைக் கேட்காமல் உங்கள் பேரைச் சொல்லித் தப்பித்ததற்கு மன்னிக்கவும்.

அவர் போனதும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். அடுத்த வருடம்வரை நான் இங்கே இருக்கலாம். முன்கூட்டி எழுதித் தெரிவிக்காமல் அவர் உள்ளே வரவே கூடாதாம். காகிதத்துக்கு அவர் பயப்படுவாரா என்பது வேறு விஷயம்.

இந்த வாரம் இந்த வீட்டுக்குள் வந்த ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் எழுதுவது: இன்றும் சாவி போட்டுத் திருகினார். நான் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

"சாரைக் கூப்பிடுங்கம்மா, அவர்கிட்ட பேசிக்கறேன்."

"அவர் வரமாட்டார். இங்க குடியிருக்கறது நான் மட்டும்தான். வர்றதுன்னா முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டு வாங்க. ஒப்பந்தம் முடியறவரைக்கும் காலி பண்ண மாட்டேன்."

"வக்கீலுக்குப் படிச்சீங்களோ?"

"இல்ல, தாவரவியல்."

முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அதன் பிறகு இன்று யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
நான்தான்