லிஃப்டில் இறங்கியவன்

பிப்ரவரி 4

இன்றும் பாதிப் படி ஏறுவதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். முதுகில் பை, பைக்குள் வேலைக்கு உதவாத தேய்ந்த இரும்புச் சாமான்கள். லிஃப்ட் மெக்கானிக்கான நான் படியேறுவதைப் பார்த்துக் காவலாளிக்குச் சிரிப்பு. லிஃப்ட் பழுதா என்று கேட்டார். நான்தான் பழுது என்றேன்.

எல்லாம் மே மாத மலைநடைக்காக. பத்துப் பன்னிரண்டு நாள், கூடாரம், சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் அவரவர் முதுகில் சுமந்துகொண்டு. என் மனைவி ஞாயிறுதோறும் அந்தக் குழுவோடு நடக்கப் போகிறவள். நானும் வருகிறேன் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வர்றதும் வராததும் உங்க இஷ்டம். முடிச்சிட்டு நான் அப்படியே அக்கா வீட்டுக்குப் போறேன். எத்தனை நாள் இருப்பேன்னு தெரியல."

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் வீட்டில் சண்டையும் இல்லாமல் போய்விட்டது. கேஸ் தீர்ந்துபோச்சு, தண்ணி வரல — அவ்வளவுதான் பேச்சு. அந்த மலையில் அவளோடு நடந்தால் ஏதாவது பேசுவாள். இல்லையென்றால் திரும்பி வர மாட்டாள்.

பிப்ரவரி 11

கால் வீங்கிவிட்டது. ஏறினேன்.

பிப்ரவரி 23

பை வார் உராய்ந்து தோளில் தோல் உரிந்திருக்கிறது. குளித்துவிட்டு வந்தால் மேசைமேல் களிம்பு. வைத்தவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்பா, கடமையா? கட்டின பெண்டாட்டி வைத்த களிம்புக்கு அர்த்தம் தேடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 9

நிற்காமல் உச்சி மாடி வரை ஏறிவிட்டேன்! உச்சியைத் தொட்டதும் லிஃப்டில் கீழே வருவது, மறுபடி படியில் ஏறுவது. இறங்கும்போது மோட்டார் சத்தத்தையும் பிரேக்கையும் கவனித்துக்கொள்கிறேன். பயிற்சியும் ஆயிற்று, சம்பளத்துக்கு வேலையும் ஆயிற்று. என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 6

எழுதக் கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

இன்று குழுவோடு பக்கத்து மலையில் சோதனை நடை. ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் நான். உச்சியில் அவள் என்னைப் பார்த்தாள் — கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி. இது போதும் என்றிருந்தது.

இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தொடை வெடவெடவென்று நடுங்கியது. முட்டி தானாக மடங்கியது. இரண்டு தடவை விழுந்தேன். கடைசியில் குழந்தை மாதிரி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினேன். என் பையை அவள் வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டாள். முதுகில் அவளுடையது.

எப்படிப் பழகினீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். சொன்னேன்.

"இறங்குறது?"

"லிஃப்ட்ல."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இறக்கத்தில்தான் முட்டி முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும், அதற்குத் தனியாகப் பழக வேண்டும் என்றார். இருக்கிற நாளில் பழகிவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"மேல போய் முட்டி போச்சுன்னா உங்களைத் தூக்கிட்டு வர ஆள் கிடையாது. மன்னிச்சிருங்க."

அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன் சொல்லணும்?

ஏப்ரல் 8

லிஃப்ட்ல இறங்கினேனே! எந்த மடையன் செய்வான்? ஆயுசு பூரா அந்தப் பெட்டிக்குள்ளயே நின்னு நின்னு, கீழே போறதுன்னா பட்டனை அமுக்குறதுன்னு ஆயிடுச்சு எனக்கு.

மே 1

போய்விட்டாள்.

வாசலில் பையைத் தூக்கி அவள் முதுகில் மாட்டிவிட்டேன். வார்களை இறுக்கினேன். போதும் என்றாள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன். இந்தத் தாழ்ப்பாளுக்கு இவ்வளவு சத்தமா?

மே 5

லிஃப்டில் ஏறி, படியில் இறங்குகிறேன். எதற்கு? தெரியவில்லை. நிறுத்தினால் வீட்டுக்குப் போக வேண்டும், அதற்குப் பயந்துதான். இன்று பாதி வழியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

மே 9

மலையில் மழையாம், செய்தியில் சொன்னார்கள். அவள் போன் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் என்ன கேட்பேன்?

மே 12

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். நடை முடிந்துவிட்டதாம். மழையில் கூடாரம் நனைந்தது, ஒருவருக்குக் காய்ச்சல் — வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் சொன்னாள்:

"இறங்கும்போதெல்லாம் யாரோ உக்காந்து தேச்சுக்கிட்டே பின்னாடி வர்ற மாதிரி இருந்துச்சு. திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அக்கா வீட்டுக்கு எப்போது போகிறாய் என்று.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வாங்க. வீட்டுக்குத்தான் வர்றேன்." "பிளாட்பாரத்துக்குப் படியில இறங்கி வாங்க. லிஃப்ட்ல வந்தீங்கன்னா அடுத்த வண்டியில ஏறி அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் என்னைக் கேலி செய்து வருஷக்கணக்காகிறது. சரி என்றேன்.